ஜீப்புக்கு மூக்கு வைத்த கதை

நான் இன்றுவரை எந்தப் பாலைவனத்தையும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பாலைவனத்தைக் கடப்பதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் ஒரு காலத்தில் என்னிடம் இருந்தன. அவற்றை ஒரு பழைய ஜீப்பில் பூட்டிக்கொண்டு நான் தினமும் போய்வந்த பாதை, ஹந்தானை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கண்டி நகரத்தில் நான் வேலை செய்த மூக்குக்கண்ணாடிக் கடை வரை. நாலு கிலோமீற்றர். முழுவதும் தார் ரோடு.

எனக்குக் கனவு காணும் வியாதி உண்டு. தூங்கும்போது வரும் கனவைச் சொல்லவில்லை, அது எல்லாருக்கும் வரும். எனக்கு வேலை நேரத்தில் வரும். கடையின் பின்பக்கத்து இருட்டறையில் கண் பரிசோதிப்பது என் வேலை. வாடிக்கையாளரை உயரக் கதிரையில் உட்கார வைத்து, "நாலாவது வரிய வாசிங்க" என்று சொல்லிவிட்டு, நான் எங்கேயாவது போய்விடுவேன். மணல் மேடு, பனிமலை, சேற்றுக் காடு, எல்லாவற்றிலும் ஒரு ஜீப். ஒருநாள் ஒரு பெரியவர் நாலாவது வரியை வாசித்து, ஐந்தாவதை வாசித்து, திரும்பவும் மேலே போய் முதல் வரியிலிருந்து மூன்று தடவை முழு அட்டையையும் வாசித்துவிட்டு, "தம்பி, எனக்கு இது பாடமாயிருச்சு. இப்ப கண்ணாடி வேணுமா வேணாமா?" என்று கேட்டார். (வேண்டியிருந்தது. அவர் வாசித்ததில் பாதி எழுத்து அந்த அட்டையிலேயே இல்லை.)

இந்த வியாதி முற்றிய நிலையில்தான் ஜீப்பை வாங்கினேன். ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பல வருடம் பாவித்தது. மங்கிய பச்சை நிறம். கதவைச் சாத்தினால் அலுமாரி சாத்துவது போன்ற சத்தம். மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், காலையில் ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆகும். அதற்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அதுதான் குறையாகப் பட்டது. ஒரு குறையும் இல்லாத வண்டிக்கு நான் என்ன செய்வது?

அக்குறணையில் கராஜ் வைத்திருந்த ரிஸ்வான் நானாவிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயது மனிதர், எங்களுக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவுகிற மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஜீப்பைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"நல்ல வண்டி மகன். இதுக்கு என்ன செய்யோணும்?"

"உயர்த்தணும் நானா. பெரிய டயர் போடணும். முன்னுக்கு இரும்பு பம்பர், அதுல வின்ச், கூரையில லைட்டு…"

"எங்க போற?"

"எங்க வேணும்னாலும் போகலாம்ல?"

"அது சரி. இப்ப எங்க போற?"

"கடைக்கு."

அவர் ஜீப்பை இன்னொரு தடவை சுற்றி வந்தார். பிறகு கையைக் கழுவப் போனார்.

ஒவ்வொரு மாதமும் ஒரு சாமான் ஏறியது. முதலில் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை நாலு அங்குலம் உயர்த்தினோம். அதன்பிறகு அம்மாவால் ஏற முடியவில்லை. அம்மாவுக்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி, அதன் காலில் கயிறு கட்டினேன். அம்மா ஸ்டூலில் ஏறி, வண்டிக்குள் ஏறி, உட்கார்ந்ததும் கயிற்றைப் பிடித்து ஸ்டூலை மேலே இழுத்துக்கொள்வார். கப்பல் நங்கூரம் தூக்குவது மாதிரி இருக்கும். கட்டுக்கலைப் பக்கம் கோயிலுக்குப் போகும் நாட்களில் இதைப் பார்ப்பதற்கென்றே பூக்கடைக்காரர் வெளியே வந்து நிற்பார்.

பிறகு டயர். ஒவ்வொரு கட்டையும் கைமுட்டி அளவு. சேற்றில் ஓடுவதற்குச் செய்யப்பட்ட அந்த டயர்கள் தார் ரோட்டில் ஒரு பாட்டுப் பாடும். மெதுவாகப் போனால் முனகல், கொஞ்சம் வேகம் பிடித்தால் தம்பூரா. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், என் வாழ்க்கையின் மிக அழகான காலைகள் அவை. ஹந்தானைச் சரிவில் இருந்து மூடுபனி இறங்கி ரோட்டைக் கடந்துகொண்டிருக்கும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் கூரைகளில் இருந்து அடுப்புப் புகை எழும்பி அந்தப் பனியோடு கலக்கும். எது புகை, எது பனி என்று தெரியாது. அதற்குள் நான் உயரத்தில், தம்பூரா சுருதியில், தரையைத் தொடாமல் மிதந்து போய்க்கொண்டிருப்பேன். கண்டிக் குளக்கரைக்கு வந்ததும் பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் நெருக்கும். அங்கே என்னுடைய தேசாந்தரப் பயணம் அரை மணி நேரம் அசையாமல் நிற்கும். பக்கத்தில் நிற்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர்களின் முகத்துக்கு நேரே என் முகம் இருக்கும். நான் தொலைதூரத்தைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொள்வேன். (தொலைதூரத்தில் இருந்தது ஒரு பேக்கரி.)

நகரத்து அடுக்குமாடிக் கடைத்தொகுதியின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்குள் ஜீப் போகாது, கூரை லைட்டு இடிக்கும். கடையின் பின்னால் இருந்த சந்துக்குள் திரும்பாது. அதனால் கடையிலிருந்து பத்து நிமிடம் நடக்கும் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்துபோவேன். வண்டி வாங்குவதற்கு முன்னால் பஸ்ஸில் வந்து இறங்கி இரண்டு நிமிடம் நடந்தவன் நான்.

இந்தச் சமயத்தில்தான் கலகெதரையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

பெண் கணித ஆசிரியை. பெயர் தர்ஷினி. அப்பா வயல் செய்கிறார், ஒரு டிராக்டர் வைத்திருக்கிறார். போட்டோவில் அந்தப் பெண் கமராவைப் பார்க்காமல், கமராவுக்குப் பின்னால் யாரோ செய்த தவறைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடித்துப்போனது. இதற்கு முன்னால் இரண்டு சம்பந்தங்கள் கைவிட்டுப் போயிருந்தன. ஒரு வீட்டில் பெண்ணின் அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேனாம். 'பையனுக்குக் காது கேக்காது போல' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் போய்விட்டால் இனிமேல் பெண் பார்க்க வரமாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தார். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நல்ல நேரம். வியாழக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. கலகெதரையிலிருந்து உள்ளே போகும் கிராமத்துப் பாதை அது. இப்படியான ஒரு பயணத்துக்கு என் ஜீப்பில் ஒரு சாமான் மட்டும் குறைவாக இருந்தது. மூக்கு.

ஆழமான தண்ணீருக்குள் இறங்கும் ஜீப்புகளுக்கு எஞ்சின் பக்கத்திலிருந்து கூரை உயரம் வரை ஒரு கறுப்புக் குழாய் போகுமே, அதுதான். எஞ்சினுக்கு மேலே இருந்து காற்றெடுத்துக் கொடுக்கும். நான் பார்த்த வீடியோக்களில் எல்லா ஜீப்பிலும் அது இருந்தது. அதற்கு ஓர் இங்கிலீசுப் பெயர் உண்டு. ரிஸ்வான் நானா அதை மூக்கு என்றார், அம்மா தும்பிக்கை என்றார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணும் நானா."

"ஞாயித்துக்கெழம என்ன?"

"பொண்ணு பாக்கப் போறோம்."

"பொண்ணு தண்ணிக்குள்ளயா ஈக்கிற?"

சனிக்கிழமை பின்னேரம் மூக்கு வைத்தாயிற்று. மஞ்சள் வெயில் கராஜுக்குள் சரிந்து விழுந்திருந்தது. எதிர்ச்சுவரில் ஜீப்பின் நிழல். தும்பிக்கையைத் தூக்கிய யானை போல, ஏதோ ஒரு ஊர்வலத்துக்குத் தயாராக நின்றது அது. ரிஸ்வான் நானா கையைத் துடைத்துக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் எங்கோ தூரத்தில் தண்ணீர் ஓடுவது போலக் கேட்டது. நான் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளங்கிச்சா மகன்?"

"வெளங்கிச்சு நானா."

அன்று இரவு முழுக்க மழை. ஐப்பசி மழை. காலையில் விட்டிருந்தது. அம்மா பட்டுச்சேலையில் ஸ்டூல் ஏறி, ஸ்டூலை மேலே இழுத்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டார். தட்டில் வெற்றிலை, பழம், ஒரு கேக் பெட்டி. அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பாதான். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின் சீட்டில் ஏறியதும் கேட்டார்:

"என்னாடா சேகரு, வண்டிக்கு கக்கூசு பைப்பு மாட்டிருக்க?"

"அது காத்துக்குப் பெரியப்பா."

"வண்டிக்கு என்னாடா காத்து?" என்றவர், கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

கலகெதரைச் சந்தியிலிருந்து உள்பாதை. இரு பக்கமும் வயல், மழை குடித்த பச்சை. மூங்கில்களில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் திரும்பினோம். ரோடு முடிந்துவிட்டது.

முடிந்தது என்றால், ஓயாவுக்குள், அந்தச் சிற்றாற்றுக்குள், போய்விட்டது. அங்கே இருந்தது சப்பாத்துப் பாலம். தண்ணீருக்குச் சற்று மேலே சிமெந்து போட்டிருப்பார்களே, மழைக்காலத்தில் தண்ணீர் மேலாகப் போகும், அதுதான். இராத்திரி மழையில் தண்ணீர் பாலத்தை மூடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வயல்வரை பரவி, பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. பெரிய இழுப்பு இல்லை. அக்கரையில் ஏழெட்டுப் பேர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பலாமரம், அதற்குப் பின்னால் நீல நிறக் கேற்று. தரகர் சொன்ன அடையாளம் அந்த நீலக் கேற்றுதான்.

இக்கரையில் ஒரு முச்சக்கர வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "யன்ன எப்பா மஹத்தயா" என்றார். போக வேண்டாம், சுற்றுப்பாதையால் போனால் அரை மணி நேரம் என்று கையால் காட்டினார்.

அம்மாவும் சொன்னார். "சுத்தியே போயிருவோம்டா. நல்ல நேரம் பதினொன்ற வரைக்கும் இருக்கு."

நான் அம்மாவைப் பார்த்து ஒரு புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தாலும் எனக்கு என் கன்னத்தில் அறையத் தோன்றுகிறது. இத்தனை மாதங்களாக மணல் மேட்டிலும் பனிமலையிலும் காத்துக்கிடந்த தருணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீலக் கேற்றுக்கு முன்னால், குடைகளோடு பார்வையாளர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. கூரை லைட்டுகளைப் போட்டேன். (காலை பத்து மணி.) வேகம் எடுத்தேன்.

மெதுவாகப் போயிருந்தால் ஒருவேளை தப்பியிருப்போம். ஆனால் வீடியோக்களில் யாரும் மெதுவாகப் போவதில்லை.

இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கை போல எழும்பியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நாங்கள் பறந்தோம். பிறகு பாலத்தின் நடுவில் சிமெந்து உடைந்த பள்ளத்தில் முன் டயர்கள் இறங்கின. முன்னால் எழும்பிய அலை பானெட்டுக்கு மேல் ஏறி, கண்ணாடியில் அறைந்து, திரும்பி வழிந்தது. எஞ்சின் ஒரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தம்பூரா இல்லை, எஞ்சின் இல்லை. தண்ணீர் கதவில் உரசிப் போகும் சத்தம் மட்டும். நாலு பக்கமும் பழுப்புத் தண்ணீரில் வானம் தெரிந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு வந்து பானெட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, என்னைக் கண்ணாடி வழியாக ஒரு பக்கக் கண்ணால் பார்த்தது. ஆகாயத் தாமரைக் கொத்து ஒன்று, ஊதாப் பூவோடு, மிக மெதுவாக ஜன்னலைக் கடந்து போனது. நாங்கள்தான் எங்கோ மிதந்து போய்க்கொண்டிருக்கிறோம், உலகம் நிற்கிறது என்று தோன்றியது. அது அழகாக இருந்தது என்று சொன்னால் என் வீட்டில் இன்றைக்கும் அடிக்க வருவார்கள். ஆனால் அழகாகத்தான் இருந்தது.

கணுக்காலில் குளிர் ஏறியது. குனிந்து பார்த்தேன். கதவின் அடியால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அம்மாவின் ஸ்டூல் மிதக்கத் தொடங்கியிருந்தது. அம்மா இரண்டு காலையும் சீட்டுக்கு மேல் தூக்கி, தட்டைத் தலையில் வைத்துக்கொண்டார். தோட்டத்துப் பெண், தலையில் சுமை வைப்பது தானாக வந்தது.

பின் சீட்டில் பெரியப்பா விழித்துக்கொண்டார். வெளியே பார்த்தார். "வந்துட்டமா?" என்றார்.

அக்கரையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஸ்டார்ட் பண்ணாதீங்க! உள்ளுக்குத் தண்ணி போயிருக்கும், ஸ்டார்ட் பண்ணாதீங்க!"

நான் ஸ்டார்ட் பண்ணினேன்.

'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சினுக்குள் ஓர் எலும்பு முறிந்தது போல. அந்தச் சத்தத்தோடுதான் ரிஸ்வான் நானாவின் குரல் எனக்குத் திரும்பி வந்தது. மஞ்சள் வெயிலில், கையைத் துடைத்துக்கொண்டே, அவர் நிதானமாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லும்.

'மகன், இப்பக்கி வெளிப் பைப்பு மட்டுந்தான் பூட்டி ஈக்கிற. உள்ளுக்கு எஞ்சினுக்குப் போற ஹோஸ் இன்னும் வரல்ல, அடுத்த கெழமதான் வரும். அது வார வரைக்கும் இது சும்மா அலங்காரம். தண்ணிக்குள்ள மட்டும் எறக்க வாணாம். வெளங்கிச்சா மகன்?'

வெளங்கிச்சு நானா.

இருந்தாலும் நான் தளரவில்லை. என்னிடம் வின்ச் இருந்ததே! முன் பம்பரில் மோட்டாரோடு பூட்டிய கம்பிச் சுருள். கம்பியின் நுனியில் இருக்கும் கொக்கியை ஒரு மரத்தில் மாட்டி, பொத்தானை அழுத்தினால், வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு கரையேறும். கதவைத் திறந்து இறங்கினேன். தண்ணீர் தொடைக்கு மேல். இதற்கென்றே வாங்கிய கிறீம் நிறக் காற்சட்டை. கொக்கியைத் தோளில் போட்டு, கம்பியை இழுத்துக்கொண்டு அக்கரையை நோக்கி நடந்தேன். குடைகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. நடுவில் ஒரு பெண் நின்றாள். மாம்பழ நிறச் சேலை, கையில் போன்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். போட்டோவில் பார்த்தது.

"எதுல மாட்டப் போறீங்க?" என்றாள்.

"ஏதாவது… பலமா இருக்கிறதுல."

"பலாமரத்துல மாட்டுங்க. வாழையில மாட்டிராதீங்க." பிறகு தலையைச் சாய்த்து, "நீங்க கண்டியில இருந்து வர்றவங்களா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லலாம். நான் சொன்னேன்: "இல்லீங்க. நாங்க குருநாகல் போறோம். இது வேற… வேற வேலையா."

"ஓ" என்றாள். "மன்னிச்சிருங்க. ஒரு ஜீப்புல வர்றாங்கன்னு சொன்னாங்க."

"இந்தப் பக்கம் நெறைய ஜீப் வரும்ங்க."

சரியாக அப்போது, தண்ணீர் நடுவில் இருந்து, ஐந்நூறு பேரை வேலைக்கு விரட்டிப் பழகிய குரலில் பெரியப்பா கத்தினார்.

"டேய் சேகரு! அப்புடியே அவங்ககிட்ட பொண்ணு வீடு எதுன்னு கேளுடா!"

குடைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. நான் பலாமரத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் போனை உயர்த்தி ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

வின்ச் வேலை செய்தது. அதைக் குறை சொல்ல முடியாது. பொத்தானை அழுத்தியதும் மோட்டார் கிர்ரென்று சுற்றியது, கம்பி விறைத்தது, மரம் அசையவில்லை, ஜீப்பும் அசையவில்லை. ஏதோ ஒன்று அசைய வேண்டும் அல்லவா? பம்பர் அசைந்தது. நான் அவசரப்படுத்தியதில் பெரிய பம்பருக்குச் சின்ன போல்ட்டுகள் போட்டுத்தான் பூட்டியிருந்தோம். அவை ஒவ்வொன்றாக 'பட், பட்' என்று தெறித்தன. பம்பர் ஜீப்பை விட்டுக் கழன்று, வின்சைத் தூக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் குதித்து, பெண் வீட்டை நோக்கித் தனியாகப் புறப்பட்டது. நாலடி தூரம் வந்து வயர் அறுந்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரில் முதலில் வந்து சேர்ந்தது அதுதான்.

நீலக் கேற்று திறந்தது. டிராக்டர் ஒன்று வெளியே வந்தது. ஓட்டி வந்தவர் பெண்ணின் அப்பா. எங்களை வரவேற்பதற்காகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். தடித்த கயிற்றை என் கையில் எறிந்து, "பின்னாடி கொக்கியில வேணாம், முன்னாடி சட்டத்துல கட்டுங்க" என்றார்.

நான் கயிற்றோடு ஜீப்புக்குப் போனேன். திரும்பி வரும்போது என் முதுகில் அம்மா இருந்தார், அம்மாவின் தலையில் தட்டு இருந்தது. கரையில் நின்றவர்கள் வாய்விட்டு 'ஆ' என்றார்கள். அம்மாவைக் கரையில் இறக்கிவிட்டு, நடுங்கிக்கொண்டே, "என் பிழைதாம்மா. சொல்லச் சொல்லக் கேக்காம எறக்கிட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத் தனியாக ஒன்றும் செய்யவேண்டி இருக்கவில்லை, ஏற்கனவே முகம் முழுக்கத் தண்ணீர்தான். அம்மா முந்தானையின் ஈரமில்லாத நுனியைத் தேடி எடுத்து என் தலையைத் துடைத்தார். "போதும்டா, பொண்ணு பாக்குது" என்றார்.

பெரியப்பாவை ஜீப்போடு சேர்த்தே இழுத்தார்கள். அவர் இறங்க மறுத்துவிட்டார். ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டே கரையேறினார்.

நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. ஆகவே பெண் பார்க்கும் படலம் நடந்தது. அம்மா பெண்ணின் அம்மாவுடைய சேலையில். நான் பெண்ணின் அப்பா இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட சாரத்திலும், மார்பில் உர மூட்டைப் படம் போட்ட ஒரு டீசேர்ட்டிலும். அவர் என்னைவிட ஒரு சாண் குட்டை. சாரம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கதிரையில் உட்கார்ந்தபோது இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் ஜீப் நாலு கதவும் திறந்து நின்று தண்ணீர் வடித்தது. தர்ஷினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். கோப்பையை எடுக்க ஒரு கையாவது வேண்டும். நான் அவளைப் பார்த்தேன், கோப்பையைப் பார்த்தேன், சாரத்தைப் பார்த்தேன். அவள் கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெரியப்பா முறைப்படி தொண்டையைச் செருமி, "பொண்ணுக்குச் சமையலெல்லாம் வருமுங்களா?" என்று கேட்டார்.

"வரும்ங்க" என்றார் பெண்ணின் அப்பா. "மாப்பிள்ளைக்கு நீச்சல் வருமுங்களா?"

ஜீப் லொறியில் ஏறி அக்குறணைக்குப் போனது. ரிஸ்வான் நானா பானெட்டைத் திறந்து பார்த்தார். எஞ்சினுக்குள் ஓர் இரும்புத் தண்டு வளைந்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "பொண்ணு கெடச்சிச்சா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "கெடச்சா அந்தப் பிள்ளைட்ட சாவியக் குடுங்க" என்றார்.

நாங்கள் மூன்று நாள் காத்திருந்தோம். அம்மா கோயிலுக்குப் பஸ்ஸில் போய் வந்தார். பூக்கடைக்காரர், "எங்கம்மா ஸ்டூலு?" என்று கேட்டாராம். நான் கடையின் இருட்டறையில் முதல் தடவையாக வாடிக்கையாளர்கள் வாசிப்பதைக் கவனித்துக் கேட்டேன். மணல் மேடு வரவில்லை. கண்ணை மூடினால் குடைகள்தான் வந்தன.

நாலாம் நாள் சம்மதம் என்று போன் வந்தது. கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஏன் சம்மதித்தாய் என்று தர்ஷினியிடம் கேட்டேன்.

"அம்புட்டு ஆசையா சோடிச்ச ஜீப்பு தண்ணிக்குள்ள நிக்குது. அத விட்டுட்டு, மொதல்ல போயி அம்மாவ முதுகுல தூக்கிட்டு வந்தீங்கல்ல. அதான்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பாள். நடந்தது வேறு. நான் கயிறு கட்டுவதற்குத்தான் ஜீப்புக்குப் போனேன். சட்டத்தில் கயிற்றைக் கட்ட, அம்மாவின் கதவுப் பக்கமாகப் போய் முதுகை வளைத்துக் குனிந்தேன். கதவைத் திறந்து காத்திருந்த அம்மா, கிடைத்த முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இறக்கிவிட இடமில்லாததால் கரைக்குக் கொண்டுவந்தேன். இந்த எட்டு வருடத்தில் இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும். இனிமேல் திருப்பி அனுப்ப முடியாது.

ஜீப் இப்போது தன் பழைய உயரத்தில், பழைய டயரில், மூக்கில்லாமல் ஓடுகிறது. சாவி தர்ஷினியிடம். பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் அதை ஓட்டிப் போகிறாள். நான் பஸ்ஸில் போய் இரண்டு நிமிடம் நடக்கிறேன்.

அவள் எடுத்த படத்துக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். தண்ணீர் நடுவே லைட்டுகள் எரிய ஒரு ஜீப், உள்ளே தலையில் தட்டோடு ஒரு பெண்மணி, ஜன்னலில் கத்திக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், முன்னால் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திய ஒரு முட்டாள். அந்தக் கிராமத்தார் உயரமான பாலம் கேட்டு வருடக்கணக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார்களாம். என் மாமனார் அடுத்த மனுவோடு இந்தப் படத்தைப் பெரிதாக்கி இணைத்து, 'இவ்வளவு வசதிகள் உள்ள வாகனங்களே இப்பாலத்தைக் கடக்க முடியாத நிலையில்' என்று எழுதி அரசாங்கக் கந்தோரில் கொடுத்துவிட்டார். அந்தப் படம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. போன இடமெல்லாம் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்கள் மனுவையும் வாசித்திருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் பாலம் வந்தது. கைப்பிடிச் சுவரோடு, எந்த மழைக்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில். ஊரில் அதற்கு மாப்பிள்ளைப் பாலம் என்று பெயர். சிங்களவர்களும் அப்படியே சொல்கிறார்கள்.

போன மாதம் ஜீப் சர்வீசுக்குப் போயிருந்ததால் மாமனார் வீட்டுக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் ஊருக்குப் புதிய ஆள். "மாப்பிள்ளைப் பாலம் எறங்குறவங்க வாங்க" என்று கூப்பிட்டார். நாங்கள் எழுந்து கதவருகே போனோம்.

"இந்த மாப்பிள்ளைங்கறவரு யாருங்க? பெரிய ஆளா?" என்று அவர் தர்ஷினியிடம் கேட்டார்.

நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்பப் பெரிய ஆளுங்க" என்றாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "இந்தப் பாலத்துக்காகத் தண்ணியில எறங்கிப் போராடுனவரு."